ஒரு கோப்பை, பதினொரு சாசர்

கிராணியாரே,

நான் அப்போதே சொன்னேன். ரப்பர் விலை விழும் என்றேன், விழுந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல் குறையும் என்றேன், குறைந்தது. உம்முடைய கம்பெனி உம்மை வீட்டுக்கு அனுப்பும், அனுப்பிய பிறகு திரும்பக் கூப்பிடாது, காக்காவின் கோப்பிக்கடை ஒருநாள் கதவைச் சாத்தும், கடைசியில் நீரும் இந்தப் பினாங்கு மண்ணுக்குள்ளேயே போய்ச் சேருவீர். இத்தனையும் எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒன்றுகூடத் தப்பவில்லை. என் வாயில் கரிநாக்கு இருக்கிறது என்று துறைமுகத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் என் எதிரே நிற்கமாட்டார்கள்.

இன்று மத்தியானம் காக்கா சொல்லி அனுப்பினார். கடையைச் சீனர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் நாகூருக்குப் போகிறார். நான் போனபோது கோப்பைகளை வைக்கோலில் சுற்றித் தேயிலைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். பிரித்தால், நீலக்கரை போட்ட ஒரு சாசர். ஓரத்தில் சின்னதாக ஒரு வாய் உடைந்திருந்தது.

"இதை விக்கவும் மனசு வரலை, வீசவும் மனசு வரலை. அடியில பாருங்க தண்டல்."

திருப்பிப் பார்த்தேன். மெருகு போடாத அந்த அடி வளையத்தில் உம்முடைய ஊதாப் பென்சில். ஆறு வருஷம் காக்கா சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத ஓர் எழுத்து. ஒ-வா ஓ-வா என்று சரியாகத் தெரியவில்லை. நான் ஓ என்றுதான் படிக்கிறேன்.

"இது ஒருநாள் என் கைக்குத்தான் வரும்னு எனக்கு அப்பவே தெரியும் காக்கா" என்றேன்.

அவர் வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியுமே. அப்ப கிராணிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எதற்கும் என்னிடம் பதில் உண்டு. உமக்கே தெரியும். ஆனால் கையில் சாசர் இருந்தபடியால் அந்த நேரத்துக்கு வாய் வரவில்லை. சுங்கை பினாங்கில் என் வீடு வரைக்கும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தே வந்தேன். இப்போது மேசைமேல் வைத்துக்கொண்டு உமக்கு எழுதுகிறேன். காக்காவுக்குச் சொல்லாத பதிலை உமக்கே சொல்லிவிடலாம் என்று நினைப்பு. எங்கே போய் முடியுமோ.

நம் முதல் நாள் உமக்கு நினைவிருக்குமோ என்னமோ, எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. அப்போது தொங்காங்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் ஆட்களுக்கு நான் தண்டல். என் ஒரு விசிலுக்கு நாற்பது பேர் நிமிர்ந்து நிற்பார்கள். (சாதாரண நாளில் இருபது.) வேலை முடிந்து நாலு மணிக்கு காக்கா கடைக்கு வந்தால், மூலைப் பளிங்கு மேசையில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு நீர் உட்கார்ந்திருந்தீர். முன்னால் ஒரு கோப்பை. அதைச் சுற்றி நாலு சாசர். நட்சத்திரம் பார்க்கிற ஜோசியர் மாதிரி நீர் அவற்றை ஒரு விரலால் இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தீர்.

"சூதாட்டமா?" என்று கேட்டேன்.

"இல்லவே. வாக்கியம்" என்றீர்.

கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் நீர் கடிதக் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. அன்றன்றைக்கு வந்த இங்கிலீஷ் கடிதங்களில் எது மிக நீளமோ அதைத் தலையில் சுமந்துகொண்டு வருவீர். கோப்பி ஆறுவதற்குள் அதைப் பிரித்து மேசைமேல் பரப்பிவிடுவீர். பள்ளிக்கூடத்தில் இதற்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டி அனாலிசிஸ் என்று செய்வார்களாம். உமக்குக் கட்டம் போதவில்லை, காக்காவின் பீங்கான் வேண்டியிருந்தது. எவ்வளவு நீண்ட வாக்கியமானாலும் அதற்குள் எங்கேயோ ஒரு வினைச்சொல் தன் காலில் நிற்கும், அதுதான் பிரின்சிபல், அதற்குக் கோப்பை. மற்றதெல்லாம் 'எப்போது', 'எவன்', 'ஆனால்', 'என்றாலும்' என்று எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கும் சபார்டினேட், அவற்றுக்குச் சாசர். "நிக்கிறது கோப்பை, சாயுறது சாசர்." இதைத்தான் நீர் கேட்டவனுக்கெல்லாம், கேட்காதவனுக்கும், சொல்வீர்.

நான் உடனே பிடித்துக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போட்ட பிச்சை அல்ல. மூன்றாம் ஸ்டாண்டர்டோடு பள்ளிக்கூடம் என்னைவிட்டு விலகிக்கொண்டது. நான் நேராகக் கப்பல் கேப்டன்களிடமே கற்றேன். லிவர்பூல் கேப்டன் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார் என்று உம்மிடம் சொன்னபோது, "எதுக்குக் கழட்டினார், விசிறிக்கவா?" என்றீர். காக்கா சிரித்ததில் கோப்பி வடிகட்டும் துணி கைநழுவி அடுப்பில் விழுந்தது.

உம் புகழ் ஒரு மாதத்தில் பரவியது. கையில் இங்கிலீஷ் தாளோடு வருகிறவர்கள் உம் மேசைக்கு எதிரே வரிசையில் நின்றார்கள். டத்தோ கிராமாட்டிலிருந்து மாட்டுவண்டிக்கார வேலு ஒரு நோட்டீஸோடு ஓடிவந்த நாளை மறக்கமுடியுமா? ஆள் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். நீர் நிதானமாகச் சாசருக்குமேல் சாசராகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறீர். கடையில் இருந்ததே ஒரு டஜன். சுற்றிலும் இருப்பவர்கள் சூட்டுக் கோப்பியை ஊற்றி ஊதிக் குடிக்கச் சாசர் இல்லாமல் கோப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிக்கிறார்கள்.

"ஐயா, என் மாட்டைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா? அத முதல்ல சொல்லுங்க."

"பொறுடே. மாடு எங்கயும் போகாது. முதல்ல வினைச்சொல்லைப் பிடிக்கணும்."

"இன்னும் பிடிபடலையாலா அது?" என்றார் காக்கா. "வினைச்சொல்லுக்கு இந்தப் பாடுன்னா மாட்டைப் பிடிக்க எத்தனை நாளாகும்?"

ஏழு சாசரை வைத்துவிட்டு நீர் தலைநிமிர்ந்தீர். "மாட்டை ரோட்டோரம் கட்டாதேங்கறான். அவ்வளவுதான்."

"இதுக்கா ஏழு சாசர்? நான்னா ஒரே வாயில சொல்லிடுவேன்."

"துரையும் ஒரே வாயில சொல்லிட்டா, அப்புறம் துரைக்கும் உமக்கும் என்ன வித்தியாசம் காக்கா?"

அந்த ஏழு சாசரில் ஐந்தாவதை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். நீர் அதை ஒப்புக்கொண்டதில்லை. போகட்டும்.

அப்புறம் அந்தக் கெட்ட வருஷம் வந்தது. துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நிற்கிற இடம் மொட்டைத் தலை மாதிரி ஆயிற்று. என் நாற்பது பேர் ஒன்பது பேரானார்கள். தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தினார்கள். வேலை போனவர்களைச் சர்க்காரே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியது. ஒரு சனிக்கிழமை நீர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்தீர். அதுவரை உம்மைக் கோட்டில்லாமல் நான் பார்த்ததே கிடையாது. தோள் இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன்.

"இன்னியோட முடிஞ்சுதுவே" என்றீர். அதற்கு ஒரு சாசர்கூட வேண்டியிருக்கவில்லை.

மூன்று மனு போட்டீர். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு வந்தது. நீர் தபாலை வீட்டில் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவந்தீர். இரண்டாக மடித்த தடித்த தாள், அதில் ஒரே ஒரு வாக்கியம். முடிவில் கையெழுத்து. அந்த வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம், உம்முடைய தமிழில்:

தற்போது நிலவுகிற வியாபார மந்தம் நீங்கி, முன்பு வந்துகொண்டிருந்த அளவில் கப்பல்கள் மறுபடி வருமாயின், அவ்வாறு வருகிற காலத்தில் மேற்கொண்டு ஆள் தேவை என்று தோன்றுமாயின், தாங்கள் செய்த சேவையை மறவாத இக்கம்பெனி, வேறு மனுக்கள் வந்திருப்பின் அவற்றோடு சேர்த்து, தங்கள் மனுவைப் பரிசீலிக்கச் சித்தமாயிருக்கும், இது வாக்குறுதி ஆகாது என்பது அறியப்பட்டிருப்பினும்.

அன்று மேசை போதவில்லை. பக்கத்து மேசையை இழுத்துச் சேர்த்தோம். நடுவில் கோப்பை, சுற்றிலும் பதினொரு சாசர். காக்கா மேசை துடைக்கும்போது வரிசை கலைந்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றையும் திருப்பி அடியில் ஊதாப் பென்சிலை எச்சில் தொட்டு அ, ஆ, இ, ஈ என்று குறித்தீர். கடைசிச் சாசர் ஓ. 'இது வாக்குறுதி ஆகாது' என்றது அதுதான்.

கடையில் இருந்த எல்லோரும் சுற்றி நின்றார்கள். நீர் எழுந்தீர். 'மந்தம் நீங்கினால்' சாசரை எடுத்து ஓரமாக வைத்தீர். 'கப்பல் வந்தால்' சாசரை எடுத்தீர். 'ஆள் தேவைப்பட்டால்' எடுத்தீர். ஒவ்வொன்றாக, ஒரு சத்தமும் வராமல், பதினொன்றையும் எடுத்து அடுக்கிவிட்டு, நடுவில் தனியாக நின்ற கோப்பையைக் காட்டினீர்.

"பாரும்வே. எல்லாத்தையும் எடுத்துட்டேன். கோப்பை நிக்குது. 'கம்பெனி சித்தமாயிருக்கும்.' தன் கால்ல நிக்குது."

காக்காதான் எட்டிப் பார்த்தார்.

"நிக்குது கிராணி. உள்ள கோப்பி எங்க?"

நீர் கோபப்பட்டீர். பத்து வருஷத்தில் அந்த ஒருமுறைதான். "உமக்கு இங்கிலீஷ் தெரியாது காக்கா" என்றீர். அவர் அந்தக் கோப்பையை எடுத்துக் கோப்பி நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பண்டை போனார்.

எனக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் "நிக்குது, நல்லாவே நிக்குது" என்றேன்.

ஞானத்தைப் பற்றி எழுதாமல் இருக்கமுடியாது. உம்முடைய மனைவி என்னை அண்ணே என்று கூப்பிட்ட நாளிலிருந்து எனக்கு அவள் தங்கைதான், கோவில் வேறு, சாமி வேறு என்றாலும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. இந்த மாசக் கப்பலுக்குப் பேர் குடுக்கச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிடுமாம். தூத்துக்குடியிலிருந்து எங்க அண்ணன் கடுதாசி போட்டிருக்கு. பாருங்க."

கடிதத்தை நீட்டினாள். தமிழில் ஒரே வரி. 'ரெண்டு பேரும் புறப்பட்டு வாங்க.' அதற்கு என்ன கோப்பை, என்ன சாசர்.

நீர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்: "அங்க போய் என்னத்த செய்ய? பனங்காட்டுல உக்காந்து யாருக்கு அனாலிசிஸ் பண்ண? இங்க கம்பெனி சித்தமாயிருக்கும்னு கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கான்."

"எழுதியிருக்கான், எழுதியிருக்கான். அதுக்கு அர்த்தம் என்னன்னு அவன்கிட்டயே போய்க் கேளுங்களேன்."

பத்து வருஷம் கோட்டுப் போட்டு நுழைந்த வாசலில் போய் மனுதாரனாக நிற்க உமக்குக் கால் வரவில்லை. அது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருந்ததா?

"நான் கேட்டுட்டு வர்றேன்" என்றேன். "அந்தத் தொரை எனக்கு நல்லாத் தெரியும். படகுத்துறையில என்னைப் பார்த்தா அவரே குட் மார்னிங் சொல்லுவார்."

ஞானம் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் பார்க்கிறேன். "சத்தியமா கேட்பீங்களா அண்ணே? இல்லைன்னு சொன்னா இல்லைன்னே வந்து சொல்லுங்க. நாங்க பேர் குடுத்துடறோம்." நீரும் திரும்பினீர். "சரிவே. துரை இல்லைன்னா, கப்பல்" என்றீர். அப்படி ஏற்பாடாயிற்று. நீங்கள் ரெண்டு பேரும் போவதா இருப்பதா என்பது என் ஒரு நடையில் வந்து நின்றது.

புதன்கிழமை போனேன். சலவை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் குடை. மாலையில் காக்கா கடையில் நீர் காத்திருந்தீர். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றீர். நான் சொன்னேன்: துரை என்னை உள்ளே கூப்பிட்டார். நாற்காலி போட்டார். மேலே விசிறி ஓடியது. உம் பேரைச் சொன்னதும் "ஓ!" என்றார். உம் கையெழுத்தைப் போல இந்தத் தீவில் கையெழுத்து இல்லை என்றார். காத்திருக்கச் சொன்னார், மழைக்காலம் போகட்டும் என்றார்.

நீர் என் கையைப் பிடித்துக்கொண்டீர். "அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லும். தமிழ்ல வேண்டாம். அவர் வாய்ல எப்படி வந்ததோ அப்படி."

"டெல் ஹிம் டு வெயிட்" என்றேன்.

நீர் உட்கார்ந்தீர். ஒரு கோப்பையை இழுத்து நடுவில் வைத்தீர். சாசருக்குக் கை நீட்டினீர், பிறகு கையை இழுத்துக்கொண்டீர். உம் முகம் விரிந்தது.

"சாசரே இல்லவே! ஒத்தைக் கோப்பை! 'ஆனால்' இல்லை, 'ஆயின்' இல்லை. கடுதாசியில அத்தனை சாசர் வச்சவன் நேர்ல ஒண்ணுகூட வைக்கலை. உறுதியா இல்லாம ஒரு துரை இப்படிப் பேசமாட்டான்."

வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்கவில்லை. கப்பல் போயிற்று. நான் படகுத்துறையிலிருந்து அதைப் பார்த்தேன்.

மழைக்காலம் வந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு நீர் கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பெனி வாசலுக்கு எதிரே கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடையில் போவீர், திரும்பி வருவீர். உள்ளே போகமாட்டீர். துரை கண்ணில் பட்டால் போதும், கூப்பிடுவார் என்று. காற்று கடலிலிருந்து அடிக்கும் நாளில் அஞ்சடிக்குள்ளும் சாரல் வரும். கோட்டு நனையும், ராத்திரிக்குள் காயாது, மறுநாள் ஈரத்தோடு மறுபடி போடுவீர். "நாளைக்கு ஒருநாள் வீட்ல இரும்" என்றால், "நான் வராத அன்னிக்குத்தான் அவர் பார்ப்பார்வே" என்பீர். மழை முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. "இந்த மழைக்காலம்னு அவர் சொல்லலையே. அடுத்ததா இருக்கும்" என்றீர். இருமல் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீர் என்னிடம் கேட்பீர்: "துரை வேற என்ன சொன்னார்?" நானும் ஒவ்வொரு முறையும் நினைவு வந்ததுபோல ஒன்றைச் சொல்வேன். உம் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். உம் மைக்கூட்டைப் பார்த்தேன், அங்கேயே இருக்கிறது. ஞானத்தைச் சுகமா என்று கேட்டார். சொன்ன நாளெல்லாம் நீர் கஞ்சி குடித்தீர். அதற்காகவே சொன்னேன் என்று வைத்துக்கொள்ளும்.

பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். காக்கா கடையை நடுப்பகலில் சாத்திவிட்டு, தூக்குச்சட்டியில் கோப்பியும் கூடவே ஒரு கோப்பையும் கொண்டுவந்தார். உமக்கு விழுங்க முடியவில்லை. கோப்பையை நிரப்பிக் கட்டில் ஓரப் பலகையில் வைத்தார். நீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"கிராணி, இப்ப உள்ள கோப்பி இருக்குலா" என்றார். உடனே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நீர் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னீர். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்: "ஆள் வந்தா, பக்கத்துல இருக்கேன், ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொல்லும்வே." ஆள் என்றது கம்பெனி ஆளை. சரி என்றேன்.

உம்மை மண்ணில் வைத்த மூன்றாம் மாதம் ஞானம் கப்பலேறினாள். அதே இலவசக் கப்பல்தான். ஒரு பேர் மட்டும் எழுதிக்கொண்டார்கள். அவள் பெட்டியை என் தோளில் நானே தூக்கிப் போனேன், ஆட்களைத் தொடவிடவில்லை. படகில் காலை வைத்தவள் திரும்பினாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. தொரை அப்படிச் சொன்னது நிஜந்தானே?"

"நிஜந்தாம்மா."

"அப்ப சரி" என்றாள். "அவரு ஏமாந்து போகலை, தொரைதான் வாக்கு மாறிட்டாருன்னு மனசைத் தேத்திக்கிறேன்."

படகு நகர்ந்தது. அவள் கையாட்டவில்லை. முக்காட்டை இழுத்துப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். தூத்துக்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை.

இப்போதும் நான் துறைமுகத்தில்தான் இருக்கிறேன். கப்பல்கள் மறுபடி வருகின்றன. மந்தம் நீங்கிவிட்டதாம். உம் கம்பெனியில் புதுக் கிராணிகள் நாலைந்து பேர், கோட்டில்லாமல் அரைக்கைச் சட்டையோடு வருகிறார்கள். ஆள் தேவைப்பட்டது, எடுத்தார்கள். உம் பதினொரு சாசரில் பத்து நடந்துவிட்டது, யோசித்துப் பாரும். இந்த ஒன்றுதான் என் மேசைமேல் மிச்சம். நான் இதில் எதையும் ஊற்றிக் குடிக்கப்போவதில்லை. கவிழ்த்து வைத்தால் எழுத்துத் தெரிகிறது, நிமிர்த்தி வைத்தால் உடைந்த வாய் தெரிகிறது. இரண்டுமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காக்காவுக்கு நான் சொல்லாத பதில் பாக்கி இருக்கிறது. முன்னாடியே தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை?

அந்தப் புதன்கிழமை நான் போனது உண்மை. வேட்டி, கோட்டு, குடை எல்லாம் உண்மை. துரையிடம் கேட்கவேண்டிய வாக்கியத்தை இரண்டு நாளாக இங்கிலீஷில் கட்டி வைத்திருந்தேன். உமக்கு நிகராக இருக்கவேண்டும் என்று மூன்று சாசர் போட்டுக் கட்டியது. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கம்பெனி வாசலில் காவலுக்கு நின்ற சீக்கிய ஜாகா மலாயில் ஒரே கேள்வி கேட்டார்: "அப்பா மாவ்?" என்ன வேண்டும்? அவ்வளவுதான். என் மூன்று சாசரும் கைநழுவிப் போயிற்று. கோப்பையைத் தேடினேன், அதுவும் இல்லை. தமிழ்கூட வரவில்லை. "தீடா அப்பா" என்றேன், ஒன்றுமில்லை என்று. எதிர்ப்பக்க அஞ்சடியில், பிறகு நீர் மழையில் நடந்த அதே இடத்தில், ஒரு மணி நேரம் நின்றேன். வெறுங்கையோடு உம்மிடம் வர எனக்கு வெட்கமாயிருந்தது. கடைக்கு நடந்து வருகிற வழியில்தான் நாற்காலி வந்தது, விசிறி வந்தது, "ஓ!" வந்தது.

நான் எதையும் முன்கூட்டிச் சொன்னவன் இல்லை, கிராணியாரே. துரையை நான் பார்க்கவேயில்லை. நீர் சாசரே இல்லையென்று பூரித்த அந்த வாக்கியம் துரை சொன்னதல்ல. என் ஆயுளில் நான் முழுசாகக் கட்டிய ஒரே இங்கிலீஷ் வாக்கியம் அது.